கைதட்டியவன் கருத்து என்ன?

"நாடகம் எப்படி இருந்தது?" என்று கேட்டோம்.

"நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றார்.

"எது நன்றாக இருந்தது?" என்று மறுபடி கேட்டோம்.

சிரித்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "அதெல்லாம் படிச்சவங்க சொல்லோணுமுங்க. நமக்கென்ன தெரியும்?" என்றார்.

இப்படிச் சொன்னவர் யார்? குமாரபாளையத்தில் முப்பது ஆண்டுகளாகத் தறி ஓட்டுகிறவர். ஒரு நூலை விரல் நுனியில் வைத்து உருட்டிப் பார்த்து, இது நாற்பதாம் நம்பர், இது அறுபதாம் நம்பர் என்று சொல்லிவிடக் கூடியவர். நெய்த துணியை விரித்தால், எந்த இடத்தில் ஊடை தளர்ந்தது, எந்த இடத்தில் இழை அறுந்து முடி விழுந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவியே காட்டக் கூடியவர். அவர்தான் சொல்கிறார், "நமக்கென்ன தெரியும்?" என்று! காசு கொடுத்து நுழைவுச் சீட்டு வாங்கியவர், ரயிலேறிச் சென்று பார்த்தவர், உட்கார்ந்து ரசித்தவர், உள்ளம் உருகியவர், கை சிவக்கத் தட்டியவர், அவர்தான் சொல்கிறார், கருத்துச் சொல்லும் உரிமை வேறு யாருக்கோ என்று!

அந்தப் பணிவை நாம் பாராட்டவில்லை, தோழர்களே! அது பணிவல்ல, பழக்கப்படுத்தப்பட்ட அச்சம். பார்க்க மட்டும் பிறந்தவன் நீ, பகர்வதற்குப் பிறந்தவன் வேறொருவன் என்று தலைமுறை தலைமுறையாகக் காதில் ஓதியதன் விளைவு. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

*

நாம் குறிப்பிடும் நாடகம் 'பொன்னியின் செல்வன்'. கல்கி எழுதிய நாவல். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை கிழமைதோறும் அவருடைய ஏட்டில் வெளிவந்தது. ஐந்து பாகம். நம் வீடுகளில் அரிசி வாங்கக் காசு குறைந்த கிழமையிலும் அந்த ஏட்டை வாங்கக் காசு குறையவில்லை என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த ஐந்து பாகத்தையும் ஓர் இரவுக்குள் அடக்கி மேடையில் நிறுத்தியது 'மேஜிக் லேண்டர்ன்' என்ற சென்னை நாடகக் குழு. குமரவேல் நாடகமாக்கித் தர, பிரவீண் இயக்கினார். 1999ஆம் ஆண்டு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில், திறந்த வெளியில் அரங்கேறியது. 2014ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாதெமி அரங்கில் புதிய பொலிவோடு மீண்டும் வந்தது. அதே குமரவேல் பின்னாளில் மணிரத்னம் எடுத்த திரைப்படத்தின் திரைக்கதையிலும் பங்கு கொண்டார். படம் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு பாகமாக வந்ததை நாடறியும்.

2014இல் நாடகம் வந்தபோது நம் ஊரிலிருந்து அறுவர் சென்றோம். ஈரோட்டில் ரயிலேறினோம். போகவர, தங்க, தின்ன, நுழைவுச் சீட்டு வாங்க என்று ஒவ்வொருவரும் செலவழித்தது ஒரு வாரக் கூலிக்கு மேல். திரும்பி வந்தது முதல் பேச்சு. படம் வந்த பிறகு மீண்டும் பேச்சு. பாலக்கரைத் தேநீர்க் கடையில் இந்த வழக்கு பத்தாண்டுகளாக நடக்கிறது, தீர்ப்பு இன்னும் வரவில்லை! அந்த வழக்கின் வாதங்களை இங்கே வரிசைப்படுத்துகிறோம்.

முதல் வாதம் நூலைப் படித்தவர்களுடையது. "கதையில் இருந்தது மேடையில் இல்லையே!" என்பது அவர்கள் குற்றச்சாட்டு. வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் அந்த ஆடி மாதத்து மாலையை நூலில் படித்து மனத்திலே ஏரி கட்டி வைத்திருக்கிறார் நண்பர். மேடையில் ஏரியைக் காணோம் என்று அவருக்கு வருத்தம். படம் வந்தபோதும் இதே முறையீடு. மணிமேகலையை எங்கே ஒளித்து வைத்தீர்கள் என்று கேட்டார்கள். அந்தப் பெண் பாத்திரம் படத்தில் இடம்பெறவில்லை அல்லவா?

இவர்களுக்கு நாம் தறிக்காரன் மொழியில் பதில் சொல்கிறோம். நாவல் என்பது பாவு. நீளம் நூறு கெஜம் ஆனாலும் ஓடலாம். நாடகம் என்பது அந்தப் பாவில் நெய்து அறுத்த ஒரு வேட்டி. வேட்டிக்கு நீளம் உண்டு, அகலம் உண்டு, கரை உண்டு. "பாவு நூறு கெஜம் இருந்ததே, வேட்டி ஏன் நான்கு முழம்?" என்று எந்த நெசவாளியாவது கேட்பானா? அவன் கேட்பது ஒன்றுதான்: நெசவு நெருக்கமாக இருக்கிறதா? கரை கோணாமல் ஓடுகிறதா? அதைக் கேளுங்கள். எது விடுபட்டது என்று பட்டியல் போடுவது கணக்குப்பிள்ளை வேலை. விட்டதால் கதை நொண்டியடித்ததா, வேகம் எடுத்ததா என்று பார்ப்பதே ரசிகன் வேலை.

அன்றிரவு நாம் கண்டதைச் சொல்கிறோம். சதிகாரர் கூட்டம், ஓலை, ஒற்றன், அரண்மனைச் சூழ்ச்சி ஆகிய பகுதிகளில் நாடகம் ஓடியது. உறவு முறைகளை விளக்க நின்ற இடங்களில் நாடகம் மூச்சு வாங்கியது. யாருக்கு யார் சிற்றப்பன், யாருக்கு யார் பாட்டி என்று அறியாமல், நம்மோடு வந்தவர்களில் நூலைப் படிக்காத இருவர் திணறினார்கள். இது நியாயமான குறை. நூலைப் படித்தவனுக்கு மட்டும் விளங்குவது நாடகமாகாது. அது படித்தவர்கள் தங்களுக்குள் கண் சிமிட்டிக் கொள்ளும் விளையாட்டு!

*

இரண்டாம் வாதம் பாட்டைப் பற்றியது. "இன்னும் நாலு பாட்டு இருந்திருக்கலாம்" என்றார் பெரியவர் ஒருவர். "பாட்டே வேண்டாம், பாட்டு வந்தால் கதை நிற்கிறது" என்றார் இளைஞர் ஒருவர்.

இந்த வழக்கு இன்று தோன்றியதா? நூறாண்டு வழக்கு இது! சங்கரதாஸ் சுவாமிகள் காலத்திலே தமிழ் நாடகம் என்றால் பாட்டு, பாட்டு என்றால் நாடகம். ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசைக்காரன் காதில் விழ வேண்டுமானால் எட்டுக்கட்டைச் சுருதியில் பாடித்தான் ஆகவேண்டும். நம் காவிரியின் அக்கரையில், கொடுமுடியிலே பிறந்த கே.பி. சுந்தராம்பாள் அப்படித்தான் பாடினார். கிட்டப்பா அப்படித்தான் பாடினார். கூட்டம் 'ஒன்ஸ் மோர்' என்று கூவும். செத்து விழுந்த பாத்திரம் எழுந்து உட்கார்ந்து மறுபடி பாடும். பாடி முடித்து மறுபடி சாகும்! சிரிக்கிறோம் இன்று. ஆனால் அந்தச் சிரிப்பில் ஓர் உண்மையை மறந்துவிடக் கூடாது. அந்த நாளில் பார்வையாளன் ஊமையாக உட்காரவில்லை. பிடித்ததை மறுபடி கேட்டு வாங்கினான். பிடிக்காததைச் சீழ்க்கையடித்து விரட்டினான். கருத்துச் சொல்ல எவரிடமும் அனுமதிச் சீட்டுக் கேட்கவில்லை!

நாவலை மேடைக்குக் கொண்டுவருவதும் தமிழனுக்குப் புதிதல்ல. வடுவூர் துரைசாமி அய்யங்காரின் 'மேனகா' நாவலை டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகமாக நடித்தார்கள். 1935இல் அது படமாயிற்று. ஜே.ஆர். ரங்கராஜுவின் 'சந்திரகாந்தா' மேடையேறியது, 1936இல் படமாயிற்று. அந்தக் கதையிலே ஒரு மடத்துப் பண்டார சந்நிதி வருகிறார். பட்டும் பவிசும் பொங்க, பக்தி என்ற போர்வையில் அவர் புரியும் லீலைகளைக் காளி என். ரத்தினம் நடித்துக் காட்ட, கொட்டகை குலுங்கியது. கதாசிரியர் எந்த இயக்கத்தவரும் அல்லர், துப்பறியும் நாவல் எழுதியவர். பார்த்தவர்கள் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள் அல்லர், பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்த பாமரர்கள். ஆனால் மடாதிபதியைப் பார்த்துச் சிரிக்கலாம் என்ற துணிவு அந்தக் கொட்டகையிலே பிறந்தது. எந்த ஏட்டு விமர்சகரும் எழுதித் தர முடியாத தீர்ப்பு அந்தச் சிரிப்பு!

பாட்டு வேண்டுமா, வேண்டாமா என்பது கேள்வியல்ல. பாட்டு என்ன செய்கிறது என்பதே கேள்வி. நம் கொங்கு நாட்டிலே அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடுகிறார்கள். இரவு இரவாகப் பாடுகிறார்கள். கேட்போர் ஒவ்வொருவருக்கும் கதை தெரியும். பொன்னரும் சங்கரும் மாளப் போகிறார்கள் என்பதும் தெரியும். தெரிந்தும் படுகளம் வரும்போது அழுகிறார்கள். ஏன்? அந்த இடத்திலே கதை நின்று பாட்டு வரவில்லை, கதையே பாட்டாக வருகிறது. சோழர் கதையை மேடையிலே வைத்தவர்களுக்கு நாம் சொல்வது இது: பாட்டைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஓடக்காரி பூங்குழலி பாடும்போது கடலும் காதலும் தனிமையும் ஒன்றாகக் கேட்கிறதல்லவா? அங்கே பாட்டு வேலை செய்கிறது. வேலை செய்யும் பாட்டு இருக்கட்டும், அலங்காரத்துக்கு வந்த பாட்டு அரிதாரத்தோடு வீட்டுக்குப் போகட்டும்!

*

"பாமரன் கைதட்டலுக்கு என்ன மதிப்பு? கலையறிந்தவர் சொல்லட்டும்" என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கூறும் கனவான்களுக்கு, கடல் கடந்த ஒரு கதை சொல்கிறோம்.

1862இல் பிரெஞ்சு நாட்டு விக்தர் யூகோ ஒரு நாவல் எழுதினார். அக்காள் குழந்தைகளின் பசிக்காக ஒரு ரொட்டியைத் திருடிய ழான் வல்ழான், தப்பியோட முயன்ற குற்றமும் சேர்ந்து பத்தொன்பது ஆண்டு சிறையில் கிடந்த கதை. சுத்தானந்த பாரதியார் அதை 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கினார். கோவை பட்சிராஜா நிறுவனத்தார் 1950இல் அதே பெயரில் படமாக்கினார்கள். நாகையா கதாநாயகர். விடாது துரத்தும் காவல் அதிகாரி ஜாவராக நடித்தவர் சீதாராமன்; அன்று முதல் அவர் வாழ்நாள் முழுவதும் 'ஜாவர்' சீதாராமன்! பெயரைச் சூட்டியது பண்டிதர் சபையா? படம் பார்த்த மக்கள்!

அதே நாவல் 1980இல் பாரிசில் இசை நாடகமாயிற்று. 1985 அக்டோபரில் லண்டன் பார்பிகன் அரங்கிலே ஆங்கிலத்தில் அரங்கேறியது. மறுநாள் காலை லண்டன் ஏடுகளில் பெரும்பாலானவை கடித்துக் குதறின. பெரிய நூலைச் சின்னாபின்னமாக்கிவிட்டார்கள், கண்ணீர் வியாபாரம் செய்கிறார்கள் என்ற தொனியில் எழுதித் தள்ளின. அதே காலையில் என்ன நடந்தது? நுழைவுச் சீட்டு விற்குமிடத்தில் கூட்டம் நெரிந்தது! முன்னிரவு பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள், பக்கத்து வீட்டில் சொன்னார்கள், பணிமனையில் சொன்னார்கள். கொரோனாக் காலத்தில் அரங்குகள் மூடிக் கிடந்ததை விட்டால், ஏறத்தாழ நாற்பதாண்டுகளாக அந்த நாடகம் லண்டனில் நடந்து வருகிறது. அன்று கடித்த ஏடுகள் எங்கே? பழைய தாள் கடையிலே! நாடகம் எங்கே? மேடையிலே!

நெசவாளத் தோழனுக்கு இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். அந்தக் கதையில் வருகிற தெருப் போராட்டம் 1832ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாரிசில் உண்மையிலேயே நடந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 1831 நவம்பரில், லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்கள் கூலி நிர்ணயம் கேட்டுக் கிளர்ந்தெழுந்தார்கள். ஆம், தறிக்காரர்கள்! கூலிக்காகத் தெருவில் நின்ற தறிக்காரனின் காலத்துக் கதையைப் பற்றிக் கருத்துச் சொல்லக் குமாரபாளையத்துத் தறிக்காரனுக்கு உரிமையில்லை என்றால், வேறு யாருக்கு உண்டு?

*

ஆனால், தோழர்களே, இங்கே நாம் நிதானிக்க வேண்டும். கூட்டம் கூடிவிட்டது என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது! மனைவியை விற்ற மன்னனுக்கும் கைதட்டினோம். கற்பைக் காட்ட நெருப்பில் இறங்கிய காட்சிக்கும் கன்னத்தில் போட்டுக் கொண்டோம். கைதட்டல் ஒரு சாட்சி, அதுவே தீர்ப்பு அல்ல. "ஏன் தட்டினாய்?" என்று கேட்டு, அதற்குப் பதில் வந்தால்தான் அது கருத்து. பண்டிதன் சொன்னால் பணிந்து கேட்பதும் அடிமைத்தனம். கூட்டம் தட்டினால் கூடவே தட்டுவதும் அடிமைத்தனம். இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை இருக்கிறது. அதற்குப் பகுத்தறிவு என்று பெயர்.

மூன்றாம் வாதத்தைக் கொண்டுவந்தவள் அந்தப் பாதையில் நடக்கிறவள். பகலில் கல்லூரி, மாலையில் வீட்டில் தார் சுற்றும் வேலை. நூலையும் படித்தாள், படத்தையும் பார்த்தாள், நாடகத்தைப் பற்றி நாம் சொன்னதையும் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டாள்:

"ஆதித்த கரிகாலனைக் கொன்ற ரவிதாசன் கதையிலே மந்திரவாதியாக வருகிறானே, கல்வெட்டிலே எப்படி வருகிறான்?"

காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய உடன்பிறந்தாரை அது குறிக்கிறது. அவர்களும் அவர்தம் உறவினரும் வைத்திருந்த நிலங்கள் பறிமுதல் ஆனதைச் சொல்கிறது. அவர்கள் தாங்கிய பட்டங்கள் என்ன தெரியுமா? பஞ்சவன் பிரமாதிராசன், இருமுடிச் சோழ பிரமாதிராசன்! காட்டில் திரிந்த மாயாவிகள் அல்லர், சோழ அரசிலே பட்டமும் பதவியும் பெற்றிருந்த பிராமண அதிகாரிகள். ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்பதில் வரலாற்று ஆசிரியர்களிடையே இன்றும் வாதம் ஓயவில்லை. கல்கி நாவலாசிரியர், கற்பனைக்கு அவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை நாம் பறிக்கவில்லை. ஆனால் கல்லிலே அதிகாரியாக இருந்தவன் கதையிலே மந்திரவாதியாக மாறியது ஏன் என்று கேட்கும் உரிமை பார்வையாளனுக்கு உண்டு. கதையை ரசிக்கலாம், கல்வெட்டையும் வாசிக்கலாம். இரண்டையும் செய்கிற பெண் ஒருத்தி நம் ஊரிலே தார் சுற்றிக்கொண்டிருக்கிறாள் என்பதில் நாம் பெருமை கொள்கிறோம்.

கல்கி மீது நமக்குப் பகையா? இல்லை! அவர் நமக்குப் பக்கத்திலே, திருச்செங்கோட்டை அடுத்த காந்தி ஆசிரமத்திலே தங்கி, ராஜாஜியின் 'விமோசனம்' ஏட்டுக்கு உழைத்தவர். கொள்கையிலே நமக்கு எதிர்வரிசை. ஆனால் அண்ணாவின் 'ஓர் இரவு' நாடகம் நடந்தபோது எதிர்வரிசையிலிருந்த அதே கல்கி வந்து உட்கார்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, பெர்னாட்ஷாவோடும் இப்சனோடும் ஒப்பிட்டு அண்ணாவைப் பாராட்டி எழுதினார். பார்வையாளன் என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்! கட்சியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. நன்றாக இருந்தது என்றார், ஏன் என்றும் சொன்னார். அந்தக் கல்கியின் கதையை நாம் பார்க்கும்போது அவருக்கு அதே மரியாதையைத் திருப்பித் தருவதே முறை. சூழ்ச்சிக் காட்சிகளைப் பின்னும் திறமை, வந்தியத்தேவன் வாயில் வரும் குறும்பு, ஆட்சிக் கலையை அறிந்த குந்தவை, பழியைச் சுமக்கும் நந்தினி ஆகியவை அரிய படைப்புகள். சொல்வோம், தயங்காமல் சொல்வோம். கேள்வியும் கேட்போம், தயங்காமல் கேட்போம்.

*

நான்காம் வாதம்தான் நம்மைச் சுட்டது. அதைச் சொன்னவர் நாடகத்தைப் பார்க்காதவர். "நீங்க ஆறு பேரு போனீங்க, பாத்தீங்க, பேசறீங்க. பாக்காதவங்க இந்த ஊர்ல எத்தன ஆயிரம் பேரு? அந்த நாடகம் இங்க வந்துச்சுங்களா?" என்றார்.

வரவில்லை. காவிரியின் பெயரால் கதை, பொன்னி என்று தலைப்பு, பொன்னிக்கரையில் நம் ஊர், பொன்னிக்கரைக்கு நாடகம் வரவில்லை! ஏரியைக் காணோம் என்று வருந்தினாரே நண்பர், மேடையையே காணோமே என்று வருந்த வேண்டியவர்கள் நாம்!

குற்றம் குழுவினர் மீதா? இல்லை. அத்தனை நடிகர், அத்தனை உடை, அத்தனை விளக்கு, இவற்றை ஏற்றிக்கொண்டு வந்து இறக்க நம் ஊரில் இடம் எங்கே? கல்யாண மண்டபம் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. நாடகத்துக்கு ஏற்ற மேடை? சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு சிறு நாடகம் போட மண்டபம் கேட்டுப் போனோம். "நாடகமா? கலாட்டா வரும், வேண்டாம்" என்றார்கள். "ஆர்க்கெஸ்ட்ரா என்றால் தருவோம்" என்றார்கள். கடைசியில் ஒரு தறிக்கூடத்தின் முற்றத்திலே, தறியை நிறுத்திய இரவு நேரத்திலே, நான்கு பெஞ்சுகளைச் சேர்த்து மேடை கட்டி நடித்தோம். ஒலிபெருக்கி பாதியில் நின்றது. நின்ற பிறகுதான் நாடகம் நன்றாக இருந்தது என்றார் ஒரு கிழவர்!

நாடகத்துக்கு அஞ்சுவது இன்று நேற்று வந்ததல்ல. வெள்ளையன் 1876இலேயே நாடகத்துக்கு விலங்கு பூட்டச் சட்டம் போட்டான். அவன் போன பின், 1954இல், நம் மாநிலத்திலேயே புதிய நாடகச் சட்டம் வந்தது, எம்.ஆர். ராதாவின் மேடை மூட்டிய தீயை அணைப்பதற்கென்றே வந்தது. எழுதியதை அதிகாரியிடம் காட்டு, ஆணை வந்தால் நிறுத்து என்றது சட்டம். அந்தச் சட்டத்தின் பிரிவுகள் செல்லாவென்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது எப்போது? 2013இல்! எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில்! ஏறத்தாழ அறுபதாண்டுகள், பார்வையாளன் கருத்துச் சொல்லுமுன் காவல்துறை கருத்துச் சொல்லும் நிலை இருந்தது.

இன்னொரு குற்றவாளியையும் கூண்டில் ஏற்ற வேண்டும். அவர் வேறு யாருமல்லர், நாமே! ஊர் ஊராக மேடை போட்டவர்கள் நாம். 'வேலைக்காரி'யையும் 'ஓர் இரவை'யும் மேடையில் பார்த்து வளர்ந்தது நம் இயக்கம். கே.ஆர். ராமசாமியின் குரலுக்கும் ராதாவின் கிண்டலுக்கும் கீற்றுக் கொட்டகைகள் நிரம்பி வழிந்தன. பிறகு என்ன செய்தோம்? நாடகம் படமாயிற்று. 1949இல் 'வேலைக்காரி', 1951இல் 'ஓர் இரவு'. படம் பரவியது, பயன் தந்தது, மறுக்கவில்லை. சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரி குமாரி' 1950இல் வந்தபோது நாடக வசனம் தெருவெல்லாம் ஒலித்தது. ஆனால் படம் வந்தபின் மேடையை மடித்துப் பரணில் போட்டுவிட்டோம். திரையில் ஓடும் உருவத்துக்கு நம் 'ஒன்ஸ் மோர்' கேட்காது! நம் முனகலும் கேட்காது. மேடையில் நிற்பவனுக்கு மட்டுமே நாம் சிரித்ததும் கேட்கும், சிரிக்காததும் கேட்கும். அவன் நாளைக்கு மாற்றி நடிப்பான். மேடை போனபோது போனது பொழுதுபோக்கு மட்டுமல்ல, பார்வையாளனின் வாக்குரிமையும் கூட!

ஆகவே நாம் கேட்பது என்ன? மாளிகை கேட்கவில்லை. ஆற்றங்கரையிலோ பள்ளித் திடலிலோ ஒரு திறந்த மேடை. மழை படாத ஒரு கூரை, மனிதர் உட்கார மண். நகராட்சி நினைத்தால் ஆகக்கூடிய காரியம். பெரிய குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தலைநகரில் பத்து நாள் நடித்தால், தறி நகரில் ஒரு நாள் நடியுங்கள். ஆடி பதினெட்டுக்குக் கூடுதுறையில் கூடும் கூட்டத்தைப் பாருங்கள். பொன்னியின் கதைக்கு அதைவிடப் பொருத்தமான சபை எங்கே கிடைக்கும்? பொம்மைக் கோட்டையும் பட்டு விதானமும் வேண்டாம். பட்டுக்கும் துணிக்கும் எங்களிடம் பஞ்சமில்லை!

நம் ஊர் இளைஞர்களுக்கும் ஒரு சொல். அவர்கள் வரும்வரை காத்திருக்காதீர்கள். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டுப் பல்லாண்டு ஆகின்றன. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஐந்து பாகத்தையும் தூக்க வேண்டாம், ஒரே ஓர் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். கடம்பூர் மாளிகையில் சிற்றரசர்கள் கூடிச் சதி செய்கிறார்களே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் நடியுங்கள். முடிந்ததும் திரையைப் போட்டுவிட்டு ஓடாதீர்கள். விளக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்புங்கள். அரை மணி நேரம் அவர்கள் பேசட்டும். தலைவர் முதலில் பேச வேண்டாம், ஆசிரியர் முதலில் பேச வேண்டாம். "நமக்கென்ன தெரியும்?" என்று சொல்கிறவர் முதலில் பேசட்டும்!

ஏன் தெரியுமா? தொடக்கத்தில் சொன்னோமே, துண்டை உதறித் தோளில் போட்ட தறிக்காரர், அவரை நாம் விடவில்லை. மூன்றாம் முறையும் கேட்டோம். "படித்தவர்கள் கிடக்கட்டும், உங்களுக்கு எது பட்டது?" என்றோம். தேநீரைக் குடித்து முடித்தார். தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். பிறகு சொன்னார்:

"கடைசில அந்தப் பையன் கிரீடத்தைச் சித்தப்பனுக்குக் குடுத்தானுங்களே, தியாகம்னு எல்லாரும் தட்டுனாங்க, நானும் தட்டுனேன். ரயில்ல வரையிலதான் நெனச்சேன். ஊர்ச் சனம் பூராம் இவந்தான் வேணும்னு கேட்டுச்சு. இவன் அதை எடுத்து இன்னொருத்தன் தலைல வெச்சான். குடுத்தவன் பெரிய மனுசன், வாங்குனவன் ராசா. கேட்ட சனத்துக்கு என்னங்க கெடச்சுது? அதுகளக் கேட்டாங்களா?"

நாம் வாயடைத்து நின்றோம். 'தியாக சிகரம்' என்று ஐந்தாம் பாகத்துக்குப் பெயர். எத்தனையோ பேர் அந்தச் சிகரத்தைப் புகழ்ந்து எழுதியதைப் படித்திருக்கிறோம். அந்தச் சிகரத்தின் அடிவாரத்திலே கேட்பாரற்று நின்ற மக்களை நமக்குக் காட்டியது ஒரு தறிக்காரரின் கண்!

"நமக்கென்ன தெரியும்?" என்று இனி எவரும் சொல்ல வேண்டாம். கதையிலே மக்களைக் கேட்கவில்லை. அது பத்தாம் நூற்றாண்டு. அரங்கிலே மக்களைக் கேட்கவில்லை; இது இருபத்தொன்றாம் நூற்றாண்டு. கைதட்டிய தோழனே, தட்டிய கையை இறக்குமுன் வாயைத் திற! உன் கருத்தைச் சொல்! மேடை உன்னைக் கேட்டே தீரவேண்டும்!